உளி பிடித்த கையும் கத்தரிக்கோல் பிடித்த கையும்

"எங்க கை உளி பிடிச்ச கை. பிள்ளைங்க கை பேனா பிடிச்சாப் போதும்." மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் கல்யாணப் பந்தியோ கோயில் மண்டபமோ பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமோ, எங்கே உட்கார்ந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும். சொல்கிறவர்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடி, உளியால் மரம் சீவி, பால் வாளி சுமந்து தோள் காய்த்தவர்கள். அல்லது அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். அதனால் எதிர்த்துப் பேச வாய் வருவதில்லை.

ஆனால் இந்த வாக்கியம் இன்றைக்கு யார்மேல் பாய்கிறது என்று பார்க்க வேண்டும். தோட்டத்து முதலாளி மேல் பாயவில்லை. சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துகொண்டு, மத்தியானத்தில் அவர்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்து வெட்டவும் ஒட்டவும் கோர்க்கவும் பின்னவும் கற்றுக்கொடுக்கிற அம்மாவின் மேல்தான் பாய்கிறது. "வேலைவெட்டி இல்லாதவ." "டியூசனுக்கு அனுப்பாம காகிதம் வெட்ட விட்டிருக்கா." "கடையில ரெண்டு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" மாமியார் சொல்கிறார், நாத்தனார் சொல்கிறார், சில வீடுகளில் புருஷனும் சொல்கிறார். அக்கம்பக்கம் கேட்கவே வேண்டாம்.

பிள்ளைகளோடு கைவேலை செய்கிற தாய் நேரத்தை வீணாக்குகிறாள், பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்கிறாள் என்ற இந்தப் பொதுக்கருத்து தவறானது. வரலாறு தெரியாமலும், பிள்ளை எப்படிக் கற்கிறது என்று பார்க்காமலும் சொல்லப்படுவது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த மேசையைப் பாருங்கள். மெர்லிமாவ் பக்கத்துத் தாமான் ஒன்றில் எனக்குத் தெரிந்த வீடு. மூத்தவள் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டாகிவிட்டது. ஐந்து வயசுக்காரன் பாலர் பள்ளி முடிந்து வந்திருக்கிறான். மூன்று வயசுக்காரி தூங்கமாட்டேன் என்கிறாள். துவைத்த துணி இன்னும் கூடையில் கிடக்கிறது. இரவுக்குக் குழம்பு வைக்கவில்லை. அம்மா அலமாரியிலிருந்து நீல நிற பிஸ்கட் டின்னை எடுக்கிறார். (அந்த டின்னில் பிஸ்கட் இருக்கும் என்று நம்பித் திறந்து ஏமாறாத தமிழ்ப் பிள்ளை உலகத்திலேயே இருக்காது.) ஊசி, நூல்கண்டு, பழைய சேலையிலிருந்து பிரித்த ஜரிகை, சட்டைப் பொத்தான்கள். இன்னொரு பையில் பச்சையும் மஞ்சளுமாய் ஒயர் கட்டுகள். மூத்தவளுக்கு ஒயர் கூடை. நடுவானவனுக்கு மைலோ பெட்டி அட்டை, கத்தரிக்கோல். சின்னவளுக்குப் பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரிக்கிற வேலை. ஒரு கண் எப்போதும் அவள் வாய்மேல்.

ஒயர் கூடை பின்னுவதைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்கள்தான் அதை வெட்டிவேலை என்பார்கள். ஒயர்களை ஒரே நீளத்துக்கு அளந்து வெட்ட வேண்டும். ஒன்று குட்டையானால் கடைசியில் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றையும் சரிபாதியில் மடிக்க வேண்டும். முடிச்சுகளை வரிசையாகப் போட்டு அடியை முடித்த பிறகு சுற்றிவரும் ரன்னிங் ஒயரோடு சுற்றுகள் தொடங்கும். ஒரு சுற்று முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் போன சுற்றில் வந்த அதே எண்ணிக்கை வரவேண்டும். ஒன்று குறைந்தால் எங்கோ ஒரு முடிச்சு விட்டுப்போயிருக்கிறது. விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அதுவரை போட்டதைப் பிரித்து, மறுபடி போட வேண்டும். ஒன்பது வயசுப் பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அம்மா, ஒண்ணு கொறையுது" என்கிறாள். அம்மா வாங்கிப் பார்ப்பதில்லை. "எந்தப் பக்கத்துல கொறையுதுன்னு நீயே பாரு" என்கிறார். பிள்ளை பார்க்கிறாள். நேரம் ஆகிறது, ஆனால் கண்டுபிடிக்கிறாள். டியூசன் மையத்தில் ஒரு மணி நேரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தர முயல்வதும் இதைத்தானே? தவறு எங்கே என்று தானே தேடு, அழாதே, திரும்பச் செய்.

இனி அந்த உளிக்கு வருவோம்.

மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்ட முதல் ஆள் மலாக்காவின் டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சிறிய அளவில் தொடங்கி, 1898-இல் புக்கிட் அசகானில் பெரிய தோட்டமாக விரித்தார். ஆகவே நம் ஜாசின் மாவட்டம் ரப்பர் தோட்ட வரலாற்றின் ஓரத்தில் இல்லை, அதன் வாசற்படியில் இருக்கிறது. அந்த மரங்களுக்குப் பின்னால்தான் நம் ஆட்களில் பெரும்பாலோர் வந்தார்கள். ரப்பர் மரம் விடிகாலையில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். மரத்தின் இந்த ஒரு குணம் லட்சக்கணக்கான தாய்மாரின் நாளை நிர்ணயித்தது. பிள்ளை கண் விழிக்கும்போது தாய் வீட்டில் இல்லை. கைக்குழந்தையைத் துணியில் சுற்றி இருட்டிலேயே ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, தன் மர வரிசையான நெரைக்குப் போய்விட்டிருப்பாள். மத்தியானம் திரும்பும்போது அவள் கையில் மிச்சம் என்ன இருக்கும்? சோறாக்கவும் துணி துவைக்கவுமே அது போதாது.

உளி பிடிப்பதும் எளிய வேலை இல்லை. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஆழம் மீறினால் கத்தி மரத்தைத் தொட்டுக் காயமாகிவிடும். காயம்பட்ட இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே வெட்ட முடியாது. இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டே அந்த நுட்பத்தைக் காப்பாற்றிய கை அது. அதைவிடத் தேர்ந்த கைவினைஞரை எந்த அருங்காட்சியகத்தில் காட்டிவிட முடியும்? ஆனால் அந்தக் கைக்கு எந்த மரம், எந்த நெரை, எத்தனை மரம், எப்போது நிறுத்துவது என்று எதிலும் சொல் கிடையாது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடிந்ததை வாளியில் ஊற்றி ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்ததோடு அது அவளுடையது இல்லை.

ஆகவே "உளி பிடித்த கை" என்று பெருமூச்சு விடும்போது நாம் எதை வெறுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கை வேலை செய்ததையா, அந்தக் கை இன்னொருவனுக்குச் சொந்தமாக இருந்ததையா? முதலாவது என்றால் சமையலையும் நாற்றுநடவையும் அறுவைச் சிகிச்சையையும் சேர்த்து வெறுக்க வேண்டும். இரண்டாவது என்றால் மேசையில் கத்தரிக்கோல் பிடித்திருக்கிற பிள்ளையிடம் கோபப்பட ஒன்றுமில்லை. என்ன செய்வது, எந்த நிறம், எப்போது நிறுத்துவது எல்லாம் அந்தப் பிள்ளையின் முடிவு. செய்து முடித்த யானைக்கு ஐந்து கால் இருந்தாலும் அது அவனுடைய யானை. தோட்டம் நம் பெண்களிடமிருந்து பிடுங்கிய ஒன்று இந்த மத்தியானம். பிள்ளையோடு உட்கார்ந்து தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்து பார்க்கிற மத்தியானம். மூன்று, நான்கு தலைமுறை கழித்து ஒருத்திக்கு அது கிடைத்திருக்கிறது. அதைத்தான் "வேலைவெட்டி இல்லாதவ" என்கிறோம்.

அந்தக் காலத்திலும் முழுக்கப் பிடுங்கிவிட முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. கூலி போன வருத்தம் ஒரு பக்கம். ஆனால் லயத்து வாசலில் அம்மா உட்கார்ந்து கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவதும், தாவணியைப் பாவாடையாக்குவதும், தென்னை ஓலையில் பாம்பும் காற்றாடியும் செய்து கொடுப்பதும் அந்த நாட்களில்தான். எங்கள் தலைமுறை பந்து வாங்கியதில்லை. ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்தாக்கினோம். அது துள்ளுகிற துள்ளலில் கூரை ஏறிவிடும். இரண்டு ரப்பர் கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்து எது உடைகிறது என்று பந்தயம் கட்டினோம். இதையெல்லாம் இன்று பேசும்போது பெரியவர்கள் கண்ணில் ஒளி வருகிறது. பேரப்பிள்ளை அட்டைப் பெட்டியில் லாரி செய்தால் மட்டும் முகம் சுளிக்கிறது. இது என்ன நியாயம்?

என் எதிர்த்தரப்பிடம் ஒரு கனமான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். படிக்கிற பிள்ளையிடம் கைவேலையைக் கொடுப்பது நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழன் ஒருமுறை பார்த்திருக்கிறான் என்பார்கள். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பள்ளியின் நடுவில் வைத்தது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றே பள்ளி தன் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் அதோடு வந்தது. பிறகு 1953-இல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் ராஜாஜி தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுக் கிழித்தார், மக்கள் கொதித்தார்கள், 1954-இல் ராஜாஜி போனார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது. அதே 1954-இன் கடைசியில் பெரியார் மலாயாவுக்கும் வந்தார். ஆகவே கடல் தாண்டிய நமக்கும் அந்தச் சண்டை அந்நியமில்லை. நம் அப்பாக்களுக்கு "கைத்தொழில்" என்றதும் உடம்பு சிலிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சிலிர்ப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் அங்கே எதிர்க்கப்பட்டது என்ன? பிறப்பை வைத்து வேலையை விதித்தது. படிப்பு நேரத்தை வெட்டியது. பிள்ளையின் உழைப்பைக் காசாக்க நினைத்தது. மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா இந்த மூன்றில் எதையும் செய்யவில்லை. தோட்டத் தொழிலாளியின் பேத்திக்கு அவர் பால் வெட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளி முடிந்த பிறகுதான் டின் திறக்கிறது. விற்பதற்காகவும் செய்யவில்லை. குலக்கல்விக்கு எதிரான வாதத்தை எடுத்து இந்த அம்மாவின் தலையில் போடுவது திருடனை விட்டுவிட்டு வழிப்போக்கனைப் பிடித்த கதை.

இன்னொன்றும் சொல்கிறேன். பாலர் கல்வியை வகுத்தவர்கள் பிள்ளைகளின் கையை ஒருபோதும் சும்மா வைத்ததில்லை. 1837-இல் ஜெர்மனியில் பாலர் கல்விக்கு வித்திட்ட ஃபிரோபெல் காகித மடிப்பையும் பின்னலையும் சேர்த்துத்தான் வைத்தார். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் பொத்தான் போடவும் தண்ணீர் ஊற்றவும் கற்றார்கள். 1939-இல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகைக்கு மாதம் பல நூறு ரிங்கிட் கட்டி, அங்கே பிள்ளை பொத்தான்களைப் பிரித்து வைப்பதைப் படம் எடுத்துப் புலனக் குழுவில் போடுகிறோம். அதே பொத்தான்களை அம்மா வீட்டில் பிஸ்கட் டின்னிலிருந்து கொட்டினால் நேரவிரயம்.

கல்வி மாநாடுகளில் நம் பேச்சாளர்களுக்குப் பிடித்த நாடு பின்லாந்து. "பின்லாந்தைப் பாருங்கள், பரீட்சை இல்லாமலே பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்!" பார்த்தேன். கைவேலையைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கிய முதல் நாடு அது, ஆண்டு 1866. இன்றுவரை அந்தப் பாடத்தை அவர்கள் விடவில்லை. மரவேலையும் தையலும் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லாப் பிள்ளைக்கும். இந்தப் பகுதியை மட்டும் எந்தப் பேச்சாளரும் மேடையில் சொல்லக் காணோம்.

படிப்பு கெடும் என்கிறவர்களுக்கு நாட்டு நடப்பும் தெரியவில்லை. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் ஒழிக்கப்பட்டது. ஆறாம் ஆண்டு முடிவில் எத்தனை 'ஏ' என்று கேட்டு மானத்தை அளக்கிற காலம் போய்விட்டது; நம் வாய்தான் இன்னும் பழகவில்லை. தமிழ்ப்பள்ளிகளில் காட்சிக்கலைக் கல்வியும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடங்களாகவே இருக்கின்றன. ஒன்றைத் திட்டமிட்டு, வரைந்து, செய்து, சரிபார் என்று பாடநூலே சொல்கிறது. அந்தப் பாடத்துக்கு வரும் பிள்ளைகளில் கத்தரிக்கோலை நேராகப் பிடிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எழுத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயசுப் பிள்ளைகளைப் பற்றியது. எழுத்தைக் கையால் எழுதிப் பழகிய பிறகு அதைக் காட்டியபோது, வாசிப்புக்கு வேண்டிய மூளைப் பகுதிகள் வேலை செய்தன. விசைப்பலகையில் தட்டிப் பழகிய எழுத்துக்கு அப்படி நடக்கவில்லை. சிறிய ஆய்வுதான், அதை வைத்து மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை. ஆனால் கையும் கண்ணும் சேர்ந்து படிக்கின்றன என்பது தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்த யாருக்கும் தெரியும். 'ஞ'வையும் 'ழ'வையும் சுழிக்க விரலுக்கு ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு கண்ணாடித் திரையைத் தேய்த்தால் வருமா, ஊசியில் நூல் கோர்த்தால் வருமா? இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை ஆகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சொன்னதோடு சரி. மீதி நேரத்தில் மூன்று வயசுக்காரியை என்ன செய்வது என்று அந்த நிறுவனமா வந்து பார்க்கும்? பிஸ்கட் டின் வைத்திருக்கும் அம்மா பார்க்கிறார்.

கணக்கைப் பற்றிப் பேசுவதென்றால் கோலத்தை விட்டுவிட முடியாது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் நம் வீட்டு வாசல் கோலத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, கணினி அறிவியலில் வடிவங்களுக்கான இலக்கணத்தை எழுதினார்கள். 1974-இல் அந்தக் கட்டுரை வந்தது. பாட்டி புள்ளி வைத்து இழுத்த கோட்டில் கணிதம் இருந்தது என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள். இங்கே நாம் தீபாவளிக்குப் பேரங்காடித் தரையில் வண்ண அரிசிக் கோலத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் பிள்ளைகளோடு அரிசிக்குச் சாயம் போட்டு, நிழலில் உலர்த்தி, புள்ளி வைத்து நிரப்புகிற அம்மாவிடம், "தரையெல்லாம் அழுக்கு" என்கிறோம். (அழுக்காகத்தான் செய்யும். மினுக்குத் தூள் வாங்கித் தருகிற சித்தப்பாக்களுக்குத்தான் உண்மையில் தண்டனை தர வேண்டும். அது அடுத்த தீபாவளி வரை சோற்றில் வரும்.)

கடையில் இரண்டு ரிங்கிட் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கடையில் கிடைப்பது பொருள். பிள்ளைக்கு வேண்டியது செய்கிற நேரம். அதை எந்த எக்கோ ஷாப்பும் விற்கவில்லை.

இதைவிட என்னை உறுத்துகிற பேதம் ஒன்று மலாக்காவிலேயே இருக்கிறது. மலாக்கா நகரத்துப் பழைய ஹீரன் தெருவுக்குப் போனால் பாபா நியோன்யா பாரம்பரிய அருங்காட்சியகம் இருக்கிறது. பெரனாக்கான் சீனச் சமூகத்து நியோன்யாப் பெண்கள் சட்டத்தில் துணியைக் கட்டிக் கடுகளவு மணிகளைக் கோர்த்துச் செய்த மணிச்செருப்புகளைப் பார்த்து வெளிநாட்டுக்காரர் வியக்கிறார். அந்த வேலையைப் பெண்பிள்ளைகள் வீட்டில் தாயிடமும் பாட்டியிடமும் கற்றார்கள். அது பாரம்பரியம், சரி, நானும் வியக்கிறேன். 2008-இல் யுனெஸ்கோ மலாக்கா நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ரப்பர் நட்ட டான் சே யானும் அதே பெரனாக்கான் சமூகத்தவர்தான். அவருடைய சமூகத்துப் பெண்களின் ஊசிவேலை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அவர் தொடங்கிய தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் பின்னியதும் தைத்ததும் எங்கே? நாமே தூக்கிப் போட்டோம். மலாய்க்கார வீட்டில் பிள்ளை ஓலையில் கெத்துப்பாட் பின்னினால் பண்பாடு, சீன வீட்டில் விளக்கு ஒட்டினால் பண்பாடு. நம் வீட்டில் தோரணம் கிழித்தால் மட்டும் வெட்டிவேலையா? மற்றவர்கள் நம்மை மதிக்கவில்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மதிப்பு குறைந்தது நம் வீட்டுக் கூடத்தில்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். பெண்ணுரிமை பேசுகிறவர்கள் கேட்பார்கள். சோறாக்கி, துவைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, இதற்கு மேல் கைவேலையும் அம்மாதான் செய்ய வேண்டுமா? இன்ஸ்டாகிராமில் சிரித்துக்கொண்டு வண்ணக்காகிதம் வெட்டுகிற அம்மாக்களைப் பார்த்து, முடியாத அம்மா குற்ற உணர்வில் சாக வேண்டுமா? நியாயமான கேள்வி. கசானா ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் கூலியில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் நாளுக்கு 3.6 மணி நேரம், ஆண்கள் 2.2 மணி நேரம் செலவிட்டது தெரியவந்தது. ஆகவே கைவேலையை ஒவ்வொரு தாயின் கடமை என்று நான் சொன்னால் என்னைச் செருப்பால் அடிக்கலாம். முடிந்தவர், விரும்பியவர் செய்கிறார். எண்ணெய்ப்பனை ஆலையிலோ தொழிற்சாலையிலோ ஷிஃப்ட் முடித்து வரும் தாய் பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துத் தூங்கினாலும் அவள் நல்ல தாய்தான். அப்பாவுக்கும் இரண்டு கை உண்டு. சனிக்கிழமை அந்த டின்னை அவர் திறக்கட்டும். ஆனால் இந்த வாதத்தை மாமியாரின் ஏச்சோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். பெண்ணுரிமைக்காரர் கேட்பது சுமையைப் பகிர்வது. ஊர் கேட்பது அவளுக்குப் பிடித்த ஒன்றையும் அவள் விட்டுவிடுவது.

இந்த அம்மாக்களைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி வந்து கழுத்தைப் பிடிக்கிறவர்களும் உண்டு. "நல்லா செய்யிறியே, விற்கலாமே! பாசார் மாலாமில் கடை போடு, ஷோப்பியில் போடு, தெக்குன் கடன் எடு." இந்தியச் சமூகத்துச் சிறுதொழிலுக்குத் தெக்குன் கடன் திட்டம் இருப்பது நல்லதுதான், ஒயர் கூடையும் மாலையும் பின்னி விற்று வீட்டைத் தூக்கி நிறுத்திய பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் விற்றால்தான் வேலை, விற்காவிட்டால் பொழுதுபோக்கு என்ற இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? ஸ்டோர் தராசிலிருந்து வந்தது. நிறுத்துக் காசு கொடுத்தால்தான் கை செய்தது வேலை என்று தோட்டம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. தோட்டத்தை விட்டு வந்தும் தராசை விடவில்லை. அரசாங்கமே கொஞ்சம் மாறிவிட்டது: 2022 டிசம்பரிலிருந்து ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் இல்லத்தரசிகளுக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்பு உண்டு. வீட்டில் அவர் செய்வது வேலை, அதில் அடிபட்டால் இழப்பீடு என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, நாத்தனார் ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

ஜாசின் மாவட்டத்தில் கோயில் கமிட்டிகளுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ விருந்துக்குப் பந்தல் போடும்போது பந்தலின் ஓரத்தில் ஒரு நீள மேசையைப் போடுங்கள். பேச்சாளருக்கு ஒதுக்குகிற நேரத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டி, இந்த அம்மாக்களிடம் கொடுங்கள். லயத்தில் தோரணமும் கூடையும் பின்னிய பாட்டிகள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களை மாலை போட்டு மேடையில் உட்கார வைக்க வேண்டாம், அந்த மேசையில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வையுங்கள். செலவு அதிகம் ஆகாது. ஒயர், ஓலை, அரிசி, கொஞ்சம் சாயம். மினுக்குத் தூள் மட்டும் வேண்டாம்.